கேமராவுக்கு வழிவிட்ட டிலே டவர்: ஒரு திறந்தவெளி நேரலைக் கச்சேரிக்கு ஒலி அமைத்த பதிவு

திடலின் வரைபடம் என் கைக்கு வந்தபோதே கேமராக்கள் அதில் இடம்பிடித்துவிட்டன. திடலின் கடைசியில் ஓர் உயர்ந்த தளம், அதில் நீண்ட லென்ஸ் போட்ட இரண்டு கேமராக்கள். மேடையின் ஒரு பக்கம் கிரேன். மேடைக்கும் முன்வரிசைத் தடுப்புக்கும் நடுவே தண்டவாளத்தில் ஓடும் கேமரா ஒன்று. திடல் 150 மீட்டர் நீளம், 90 மீட்டர் அகலம். மிச்சம் இருக்கும் இடத்தில் ஸ்பீக்கர்களை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நேரலை இல்லாத கச்சேரியில் ஒலிக்காரர் முதலில் கோடு போடுவார், மற்றவர்கள் அதை அனுசரித்துப் போவார்கள். தொலைக்காட்சி உள்ளே வந்துவிட்டால் அந்த வரிசை மாறிவிடும்.

மேடையின் இருபுறமும் தொங்கும் பிரதான லைன் அரேயில் பெரிய சிக்கல் இல்லை. சாதாரண ஒற்றை ஸ்பீக்கரில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் கேட்டது 80 மீட்டரில் 18 டெசிபல் இறங்கியிருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கித் தொங்கவிட்ட பெட்டிகள் ஒரே கோடாக இயங்கினால், குறிப்பிட்ட தூரம் வரைக்கும் அந்த இறக்கம் 3 டெசிபல்தான். 1992இல் வி-டாஸ்க் என்ற லைன் அரே வந்த பிறகு பெரிய மேடைகள் எல்லாம் இந்த வழிக்கு மாறியதற்குக் காரணம் இதுதான். பக்கத்துக்கு 14 பெட்டிகள், உச்சி 12 மீட்டர் உயரத்தில். மேல் பெட்டிகள் ஏறக்குறைய நேராகக் கடைசி வரிசையைப் பார்க்கும். கீழே இறங்க இறங்கக் கோணம் விரியும். மேடைப் பக்கத்து எல்ஈடி திரையை மறைக்காமலிருக்க முழுத் தொகுதியையும் ஒன்றரை மீட்டர் வெளியே தள்ளினோம். அதனால் நடுவில் முன்வரிசைக்காரர்களுக்குக் குறைந்ததை, மேடை விளிம்பில் வைத்த சின்னச் சின்ன ஃபிரன்ட் ஃபில் பெட்டிகள் சரிக்கட்டின.

எவ்வளவு சத்தம் என்பதற்கு ஒரு மேல்வரம்பை முதலிலேயே எழுதிக்கொண்டோம். நிகழ்ச்சித் தலங்களில் பாதுகாப்பாகக் கேட்பதற்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. மிக்சர் மேசையில் 98 என்று இலக்கு வைத்தேன். அந்த அளவில் ஆம்ப்ளிஃபயர்கள் மூச்சுத் திணறாமல் இருக்க வேண்டும், முரசு ஒலி திடீரென்று எகிறினாலும், உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் எட்டிப் பார்க்கக் கூடாது. சிறிய அமைப்பை முழுவேகத்தில் ஓட்டுவதைவிடப் பெரிய அமைப்பைச் சோம்பேறியாக ஓட்டுவதே என் விருப்பம். வாடகை கட்டுபவர்களுக்கு இது பிடிக்காது என்பது வேறு விஷயம்.

வாதம் வந்தது டிலே டவர்களில், அதாவது பின்னால் நிற்பவர்களுக்காகத் திடலின் நடுவே நிறுத்தி, பிரதான ஒலி வந்து சேரும் நேரத்துக்குத் தாமதித்து ஒலிக்கவிடும் ஸ்பீக்கர் கோபுரங்களில். முதல் வரைவில் 60 மீட்டரில், மேடை அச்சிலிருந்து (திடலின் நடுக்கோடு) இருபக்கமும் 15 மீட்டர் தள்ளி இரண்டு கோபுரங்கள் போட்டிருந்தேன். ஒளிபரப்பு இயக்குநர் பின்தளத்திலிருந்து பார்த்துவிட்டு, "சார், என் அகல ஷாட்டுல ரெண்டு கம்பமும் வாசல்கால் மாதிரி நிக்குது" என்றார். பார்த்தால் அவர் சொன்னது சரிதான். நீண்ட லென்ஸ் தூரத்தை நசுக்கிக் காட்டும். 60 மீட்டரில் நிற்கும் கோபுரம் மேடையோடு ஒட்டிக்கொண்டதுபோலத் தெரியும். பேசிப் பேசி 70 மீட்டருக்குப் பின்னால் இழுத்து, அச்சிலிருந்து 25 மீட்டர் வெளியே தள்ளினோம். படத்துக்கு அது நல்லது. ஒலிக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

பிரதான தொகுதி அச்சிலிருந்து 12 மீட்டரில் தொங்குகிறது என்று கொள்வோம். அங்கிருந்து புதிய கோபுரம் 71.2 மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349.5 மீட்டர் போகும். ஆகவே கோபுரத்துக்கு 203.7 மில்லி விநாடி தாமதம் கொடுத்தால், அதன் நேர் பின்னால் நிற்பவருக்கு இரண்டு ஒலியும் ஒன்றாகச் சேரும். இப்போது திடலின் நட்ட நடுவில், மேடையிலிருந்து 80 மீட்டரில் நிற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான ஒலி 80.9 மீட்டர் பயணித்து அவரிடம் வருகிறது. கோபுரத்தின் ஒலி, தாமதத்தையும் தூரமாக எண்ணினால், 71.2உடன் 26.9 சேர்த்து 98.1 மீட்டர். 17 மீட்டர் பின்தங்கல், அதாவது 49 மில்லி விநாடி. பேச்சிலும் முரசிலும் அது எதிரொலியாகவே காதில் விழும்.

1949இல் ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து காட்டிய விஷயம் இங்கே கைகொடுக்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், முதலில் வந்த திசையிலிருந்துதான் வருவதாகக் காது நம்பும். இரண்டாவது 5 முதல் 30 மில்லி விநாடிக்குள் வந்தால், 10 டெசிபல் வரை உரக்க இருந்தாலும் ஏமாந்துவிடும். இந்தப் பெருந்தன்மையை நம்பித்தான் டிலே டவர் என்ற கருத்தே நிற்கிறது. 1973இல் வாட்கின்ஸ் கிளென் பந்தயத் திடலில் பல லட்சம் பேருக்கு முன்னால் டிஜிட்டல் டிலே வைத்துக் கோபுரங்களை ஓட்டியதும் இதை நம்பித்தான். ஆனால் 49 மில்லி விநாடி அந்தப் பெருந்தன்மைக்கு வெளியே இருக்கிறது.

நடுவில் மூன்றாவது கோபுரம் வைத்தால் பிரச்சினை தீரும். அதை இயக்குநரிடம் கேட்கும் தைரியம் எங்கள் அணியில் யாருக்கும் இல்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. வேறு வழியில் யோசித்தோம். திடலின் நடுப்பகுதிதான் இடது, வலது இரண்டு பிரதான தொகுதிகளின் ஒலியும் நன்றாகச் சேரும் இடம். அங்கே கோபுரத்தின் உதவி குறைவாகவே தேவை. உதவி தேவைப்படுவது ஓரங்களுக்கு. ஆகவே கோபுரப் பெட்டிகளை அச்சிலிருந்து வெளிப்பக்கமாகத் திருப்பினோம். கோபுரத்துக்கு 10 மீட்டர் பின்னால் நிற்பவரோடு ஒப்பிட்டால், நடுவில் நிற்பவருக்குத் தூரத்தால் ஏறக்குறைய 8.5 டெசிபல் ஏற்கெனவே குறைகிறது. பெட்டியின் பக்கவாட்டில் நிற்பதால் உயர் அதிர்வெண்களில் இன்னும் குறைகிறது. அளந்து பார்த்தபோது எதிரொலி பிரதான ஒலிக்குள் அடங்கிவிட்டது. கைதட்டிப் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. 60 மீட்டரில் இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அந்த வகையில் இயக்குநருக்கு நன்றி சொல்ல வேண்டும், அவரிடம் சொல்லவில்லை.

வெப்பநிலை இன்னொரு தொல்லை. டியூனிங் செய்வது மதிய வெயிலில், கச்சேரி இரவில். 36 டிகிரியில் 71.2 மீட்டருக்கு 201.6 மில்லி விநாடி. 24 டிகிரியில் 205.9. வித்தியாசம் 4.3 மில்லி விநாடிதான், எதிரொலியாக யாருக்கும் தெரியாது. ஆனால் 116 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அது சரியாக அரை அலை. மதியம் ஒன்றோடொன்று கைகோத்து நின்ற பாஸ், இரவில் ஒன்றையொன்று தின்றுவிடும். கோபுரத்தின் பின்னால் நிற்கிறவர் பாஸ் கிட்டார் எங்கே போயிற்று என்று தேடுவார். இதற்கு இரண்டு வேலை செய்தோம். கோபுரத்தில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டோம், தாழ்ந்த ஒலி தூரம் போவதில் கெட்டிக்காரன், பிரதான தொகுதியும் சப்புகளும் (பாஸுக்கான சப்வூஃபர் பெட்டிகள்) அதைக் கடைசிவரை கொண்டுபோகும். இரண்டாவது, வெப்பமானி ஒன்றை நிழலில், தலைக்கு மேல் உயரத்தில் கட்டி, இரவில் இறங்க இறங்க டிலேயைக் கையால் திருத்தினோம். வெயிலில் வைத்த வெப்பமானி காற்றின் வெப்பத்தைச் சொல்லாது, தன் உறையின் வெப்பத்தைத்தான் சொல்லும்.

ஈரப்பதத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக உண்டு. ஈரக் காற்றில் ஒலி மங்கும் என்பார்கள். உயர் அதிர்வெண்களில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. 20 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் இருந்தால், 8 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டருக்கு 7.7 டெசிபல் இழக்கும். 15 டிகிரியில் வறண்ட 20 சதவீதத்தில் அதே தூரத்துக்கு 20 டெசிபல். பனி இறங்கும் இரவில் கடைசி வரிசைக்குச் சிம்பல் பளிச்சென்று கேட்பதற்கு இதுதான் காரணம். மதியம் கோபுரத்தில் ஏற்றிவைத்த டிரெபிளை இரவில் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது.

சப் விஷயத்திலும் கேமராவோடு ஒரு பேரம். மூன்று சப்புகளை அடுக்கி ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, அதன் துருவத்தை மாற்றி, தகுந்த தாமதம் கொடுத்தால், மேடைப் பக்கம் போகும் அதிர்வு பெரும்பாலும் அழிந்துவிடும். இதைக் கார்டியாய்டு அமைப்பு என்கிறோம். மூன்றை மேலே அடுக்கினால் மேடை விளிம்பைத் தாண்டி நிற்கும், தண்டவாளக் கேமராவுக்குப் பாடகரின் கால் தெரியாது. ஆகவே மூன்றையும் தரையில் நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் இருப்பதைத் திருப்பினோம். இப்படி ஒரு தொகுதி. தொகுதிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 2 மீட்டர். 80 ஹெர்ட்ஸின் அரை அலைநீளம் சுமார் 2.1 மீட்டர் என்பதால் அந்த இடைவெளியைத் தாண்டவில்லை. திரும்பிய பெட்டிக்குப் பின்னால் மூச்சுவிட இடம் வேண்டும், இல்லையென்றால் கணக்கெல்லாம் வீண். மேடைத் துணியை அங்கே மட்டும் மெல்லிய வலையாக மாற்றச் சொன்னோம்.

இப்படி 20 மீட்டர் நீளத்துக்கு நேர்கோடாகச் சப்புகளை வைத்தால் பாஸ் ஒடுங்கிய கற்றையாக நடுவில் மட்டும் போகும். வெளித் தொகுதிகளுக்குச் சில மில்லி விநாடிகள் கூட்டிக்கொண்டே போனால், கோடு வளைந்த மாதிரி ஆகி அது விரியும். இடது, வலது என்று இரண்டு குவியலாக வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். இரு குவியலில் நடுவில் நிற்பவர் நெஞ்சு அதிரும், பத்தடி நகர்ந்தால் ஒன்றுமே இருக்காது.

பின்பக்கத்தை அமைதியாக்கியதன் பலனைத் திடலில் நின்றவர்களைவிட ஓபி வேனுக்குள் (ஒளிபரப்பைக் கலந்து அனுப்பும் வண்டி) இருந்தவர்கள்தான் அதிகம் அனுபவித்தார்கள். மேடையில் திறந்திருக்கும் எல்லா மைக்கிலும் சப்பின் உறுமல் ஏறும். திடலில் அது தெரியாது, அங்கே ஏற்கெனவே பாஸ் நிறைந்திருக்கிறது. வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் கேட்பவருக்குப் பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். திடல் ஒலியும் வீட்டு ஒலியும் தனித்தனி வேலைகள் என்று பிரித்துப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. திடலில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் மைக் வழியாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கலவை மட்டும் கட்டாயம் தனி. மேடையில் மைக் ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிகிறது: திடல் மிக்சருக்கு ஒன்று, கலைஞர்கள் தங்களைக் கேட்பதற்கான மானிட்டர் மிக்சருக்கு ஒன்று, ஓபி வேனுக்கு ஒன்று. மைக்குகளைச் செருகும் ஸ்டேஜ் பாக்ஸ் ஒன்றையே பகிர்ந்துகொண்டு கேபிளை மிச்சப்படுத்தலாம் என்ற யோசனை வந்தது. அப்படிச் செய்தால் திடல் மிக்சரில் உட்கார்ந்தவர் மைக்கின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) திருகும்போதெல்லாம் ஒளிபரப்பில் குரல் குதிக்கும். கெயின் ஈடுசெய்யும் வசதி இருக்கிறது என்றார்கள். நேரலையில் அதை நம்பிப் படுக்க எனக்கு மனமில்லை. ஒளிபரப்புக்கென்று தனி ப்ரீ-ஆம்ப், தனி ஸ்டேஜ் பாக்ஸ். முக்கியக் குரல்களுக்கு மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பிளிட்டர் வழியாக அனலாக் கேபிள் ஒன்று கூடுதலாக, டிஜிட்டல் இணைப்பு விழுந்தால் பிடித்துக்கொள்ள. சில மைக்குகள் இயங்கத் தேவையான 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்தை யார் கொடுப்பது என்பதையும் எழுதி ஒட்டினோம்: மானிட்டர் மேசை மட்டும்.

ஓபி வேன் தன் சொந்த ஜெனரேட்டரில் ஓடியது. அந்த அனலாக் கேபிளைச் செருகியதும் 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தது. இரண்டு ஜெனரேட்டர்களின் எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வித்தியாசம், கேபிளின் உறை வழியாக அது ஓடுகிறது. ஸ்பிளிட்டரின் தனிமைப்படுத்திய பக்கத்தில் உறையை மட்டும் துண்டித்ததும் நின்றுவிட்டது. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஹம் வந்தவுடன் மின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. ஆளைக் கொல்லும் பழக்கம் அது. சிக்னல் கேபிளின் உறையைத் துண்டிக்கலாம், மின் எர்த்தைத் தொடவே கூடாது. மற்ற சானல்கள் எல்லாம் ஃபைபரில் போனதால் அவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

டிஜிட்டல் ஒலியின் மாதிரிகளைச் சீராக எண்ணும் கடிகாரத்திலும் ஒரு நிலைப்பாடு எடுத்தேன். தொலைக்காட்சிக்கு 48 கிலோ ஹெர்ட்ஸ், நாங்களும் அதே. இருந்தாலும் ஓபி வேனின் கடிகாரத்துக்கு எங்கள் அமைப்பு அடிமையாகாமல், எல்லையில் இரண்டு கடிகாரங்களையும் பிரித்து ஒலியை மாற்றிக்கொடுக்கும் சாம்பிள் ரேட் கன்வர்ட்டர் வைத்துக்கொண்டோம். ஒரு மில்லி விநாடிக்குக் கீழே ஒரு சிறு தாமதம் கூடும், போகட்டும். அங்கே யாரோ ஒரு கேபிளைப் பிடுங்கினால் இங்கே ஆயிரக்கணக்கான பேர் காதில் படார் என்று வெடிக்கக் கூடாது.

மக்களின் ஆரவாரத்தைப் பிடிக்கும் மைக்குகளில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். அது இல்லாமல் ஒளிபரப்பு செத்துப்போன மாதிரி இருக்கும், ஸ்டூடியோவில் பாடுவதுபோல. முன்தடுப்பு அருகே, மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்க்கும் ஷாட்கன் மைக்குகளை, பிரதான தொகுதியின் நேர்வீச்சில் படாத கோணத்தில் வைத்தோம். இவை எப்போதும் திறந்திருக்கலாம். திடல் மிக்சர் மேசைக்குப் பக்கத்தில், 40 மீட்டரில் இன்னொரு ஜோடி. கூட்டத்தின் பரப்பை உணர்த்துவது அதுதான். ஆனால் அங்கே பாட்டு 115 மில்லி விநாடி தாமதமாக வந்து சேர்கிறது. மேடை மைக்கோடு கலந்தால் ஊரெல்லாம் எதிரொலி. ஒளிபரப்புக் கலவைக்காரர் அந்த ஜோடியைப் பாட்டு முடியும்போது கையால் ஏற்றி, அடுத்தது தொடங்கும்முன் இறக்கினார். விரலில் பழக்கம் வேண்டும், தானியங்கியாகச் செய்ய முயன்றால் ஒவ்வொரு முறையும் அரை விநாடி பிந்தும்.

கூட்டத்தைக் கைதட்டச் சொல்லும் பாடகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 120 மீட்டரில் நிற்பவருக்குத் தாளம் ஏறக்குறைய 350 மில்லி விநாடி கழித்துக் கேட்கிறது. அவர் தட்டியது மேடைக்குத் திரும்பி வர அதே நேரம். மொத்தம் 700. நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஓர் அடி 500 மில்லி விநாடி. கடைசி வரிசையின் கைதட்டல் தாளத்தில் எங்கேயோ நடுவில் வந்து விழும், அவர்கள் மேல் குற்றமில்லை. காதுக்குள் இன்-இயர் (மேடை ஒலியைக் காதிலேயே கேட்கும் சிறு கருவி) மாட்டாத முரசுக்காரர் அதைக் கேட்டு மெல்ல மெல்ல இழுபட்டுப் போவார். கடைசிப் பாட்டுக்கு மட்டும் இன்-இயரைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தை அனுபவிக்கிறேன் என்று ஒருவர் கேட்டார். கழற்றாமலே அனுபவிக்கும்படி ஆரவார மைக்கை அவர் காதுக்குள் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தோம்.

திரைகளின் கதை இதற்கு நேர் எதிர். படம் கேமராவிலிருந்து சுவிட்சர், பிராசசர் எல்லாம் கடந்து எல்ஈடிக்கு வர 100 மில்லி விநாடி ஆனது. ஒலி 35 மீட்டர் போகும் நேரம் அது. அங்கே நிற்பவருக்கு உதடும் சொல்லும் தானாகவே பொருந்திவிடும். அதற்கு முன்னால் நிற்பவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, ஆளையே பார்க்கிறார்கள். கோபுரங்களில் கட்டிய திரைகளைப் பார்ப்பவர்கள் 80 மீட்டருக்குப் பின்னால். அங்கே ஒலி 230 மில்லி விநாடி எடுக்கிறது, படம் 130 முந்துகிறது. ஒலி 125 பிந்தினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையில் உள்ள எல்லை. அந்தத் திரைகளுக்கு மட்டும் படத்தை மூன்று ஃபிரேம் பிந்தவைத்தோம். விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் 120 மில்லி விநாடி. தொலைக்காட்சியில் படத்தைத் தாமதப்படுத்தச் சொல்லிக் கேட்கும் ஒலிக்காரரை வீடியோக்காரர்கள் விசித்திரமாகத்தான் பார்த்தார்கள். 90 மீட்டரில் நின்று பார்க்கச் சொன்னேன், பிறகு பேச்சில்லை.

அளவெடுப்பில் காற்று எங்களைச் சோதித்தது. குறுக்குக்காற்று வீசும்போது 80 மீட்டரில் உயர் அதிர்வெண்கள் அலையலையாக ஏறி இறங்கும். அளவீடு எவ்வளவு நம்பகமானது என்று திரையில் காட்டும் கோஹெரன்ஸ் கோடு சரிந்துவிடும். அந்த நேரத்தில் தெரியும் பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்பப் போனால், காற்று அடங்கியதும் காதைக் கிழிக்கும். அடங்கும் தருணங்களுக்காகக் காத்திருந்து, பல இடங்களின் சராசரியை மட்டும் நம்பினேன். தொங்கும் தொகுதிக்கான காற்று வேக வரம்பைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். காற்றுமானி அதைத் தொட்டால் கீழே இறக்க வேண்டும், அதில் யாருடைய விவாதமும் கிடையாது. இரவில் நிலம் காற்றைவிட வேகமாகக் குளிர்ந்ததும் இன்னொரு மாற்றம். பகலில் மேல்நோக்கி வளைந்த ஒலி, இப்போது கீழ்நோக்கி வளைந்து திடலைத் தாண்டி வெகுதூரம் போகும். எல்லையில் வைத்திருந்த மைக்கில் பாஸ் ஏறுவதைப் பார்த்து, சப்பை 2 டெசிபல் இறக்கினோம். திடலில் யாரும் கவனிக்கவில்லை.

ஒளிபரப்பின் உரப்பு அளவு முழுக்க வேனின் பொறுப்பு. சராசரி மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் நின்றார்கள். இந்த அளவு நிகழ்ச்சி முழுவதின் சராசரி என்பதால், மெல்லிய பாட்டுகளை மெல்லியதாகவே விடலாம். அதை முதலிலேயே பேசிவைத்தது நல்லதாயிற்று. இல்லையென்றால் எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கியிருப்பார்கள்.

மறு ஒளிபரப்புக்காக எல்லாச் சானல்களும் தனித்தனியாகப் பதிவாயின. வன்தட்டோடு ஒரு தாளும் கொடுத்தோம்: ஒவ்வோர் ஆரவார மைக்கும் பிரதான தொகுதியிலிருந்து எத்தனை மீட்டர், ஒவ்வொரு மணிநேரமும் காற்றின் வெப்பம் எவ்வளவு, அதற்கு எத்தனை மில்லி விநாடி முன்னால் நகர்த்த வேண்டும். நேரலையில் மூடிவைத்த அந்த 40 மீட்டர் ஜோடியை எடிட்டிங்கில் அவர்கள் பாட்டு ஓடும்போதும் திறந்துகொள்ளலாம்.